பின் ரயருக்குள் 23 முள்: திருகோணமலைக் கிரவலில் இரண்டு வருட ரியூப்லெஸ்

இந்தக் கிழமை பின் ரயரைக் கழற்றி உட்பக்கத்தை விரலால் தடவி எண்ணியதில் 23 நெருஞ்சி முள். அதில் ஒன்றுகூட ரோட்டில் காற்றை இறக்கவில்லை. இறக்கியது ஒரு சல்லிக்கல் வெட்டு, மூன்று மில்லிமீற்றர்கூட வராது. சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க ரயருக்குள் ஊற்றும் ரப்பர்பால், ஈரமாக இருந்திருந்தால் அதுவும் அடைபட்டிருக்கும். உள்ளே கிடந்ததோ காய்ந்த பால்தோல்.

"கிரவல் சைக்கிள் எடுக்கப்போறன், ரியூப்லெஸ் போடட்டா, ரியூப் காணுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டபடி இருக்கிறார். அவருக்கு எழுதுவதுதான் இது. ரியூப்லெஸ் என்றால் உள்ளே ரியூப் இல்லாமல், ரயரே ரிம்மோடு இறுகிக் காற்றைப் பிடிக்கும் முறை. சட்டம் அலுமினியம், ரயர் 700×40, அதாவது அகலம் 40 மில்லிமீற்றர். மிச்சமெல்லாம் எந்தக் கடைத் தாளிலும் இருக்கும்.

கிரவல் என்ற சொல்லிலேயே இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த வகைச் சைக்கிளையும் ரயரையும் வடிவமைத்தவர்கள் மனதில் வைத்தது அமெரிக்காவின் நொறுக்குக்கல் பாதைகளை. நமக்குக் கிரவல் என்றால் ரோட்டுக்குப் பரப்பி அழுத்தும் செம்மண்கல். மழை முடிந்து இறுகியவுடன் அது தார் ரோட்டைவிட இதமாக ஓடும். மே, ஜூனில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மேல்மண் தூளாகிப் பறந்துவிடும். உழவு மிசினும் டிப்பரும் ஓடிய இடமெல்லாம் குறுக்கு அலைகள் எழும்பும். அலைக்குப் பயந்து ஓரத்துக்கு ஒதுங்கினால் நெருஞ்சி. நடுவில் அலை, ஓரத்தில் முள். திருமலையில் கிரவல் ஓடுபவருக்கு ரயரைப் பற்றிய எல்லாக் கேள்வியும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நெருஞ்சியைச் சின்ன முள் என்று நினைக்கவேண்டாம். மஞ்சள் பூ காய்ந்தபின் காய் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சின்ன முள். எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். மாரியில் முளைத்துப் படர்ந்தது கோடையில் காய்ந்து, குளக்கட்டின் ஓரத்திலும் வாய்க்கால் ரோட்டு விளிம்பிலும் பரவிக் கிடக்கும். ரியூப் போட்ட சில்லுக்கு ஒரு துண்டு போதும், பத்து நிமிடத்தில் ரிம் தரையில் உட்காரும்.

ரியூப்லெஸ் இதைத் தாங்குவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். முள் ஏறிய கணத்தில் உள்ளே ஓடும் ரப்பர்பால் ஓட்டையில் இறுகிவிடும். குத்திய முள்ளைப் பிடுங்காமல் ஓடலாம், ரோட்டில் பிடுங்கவும் கூடாது. சீறும் சத்தம் கேட்டால் ஓட்டை கீழே வரும்படி சில்லைச் சுற்றிவைத்து அரை நிமிடம் பொறுத்தால் காணும். ரியூப் இல்லாததால் மதகு விளிம்பில் அடித்து ரியூப் நசுங்கும் தொல்லையும் இல்லை. ஆகவே காற்றைக் குறைக்கலாம். ஆளும் சாமானும் சேர்த்து 75 கிலோ என்றால் முன்னுக்கு 30 பிஎஸ்ஐ, பின்னுக்கு 34. தம்பலகாமத்து வாய்க்கால் ரோட்டுகளில் இந்தக் காற்றோடு ஓடும்போது கை மரத்துப்போவதில்லை. ஒருபக்கம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், மறுபக்கம் வயல், சில்லுக்குக் கீழே இறுகிய செம்மண். இந்தச் சைக்கிள் தரும் மிகப்பெரிய சந்தோசம் அங்கேதான். அந்த ரோட்டுகளுக்காகவே இதை வாங்கலாம் என்று மனமார எழுதுகிறேன்.

அலை கூடிய நாட்களில் இரண்டு சில்லிலும் மூன்று பிஎஸ்ஐ குறைக்கலாம். 27க்குக் கீழே போகவேண்டாம். வேகமாக மதகில் ஏறும்போது ரயர் விளிம்பு ஒரு நொடி ரிம்மை விட்டு விலகிக் காற்றைத் துப்பும், கூடவே சீலன்டும் போகும். கந்தளாய்க்கு ஏ6 தார் ரோட்டால் போவதென்றால் 38 வரை ஏற்றிக்கொண்டு, கிரவலில் இறங்கும் இடத்தில் நின்று இறக்குங்கள். கச்சான் காலத்தில் போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகில். தண்ணீர்க் கணக்கைப் போகும் வழிக்குப் போடவேண்டும்.

கன்னியாப் பக்கம் வேறு கதை. நகரத்திலிருந்து ஏ12இல் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தாண்டியதும் சின்னச் சின்னக் குன்றும் காடும் வந்துவிடும். பன்குளம், முதலிக்குளம் வரை பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் வரண்ட காடு. கிளைப்பாதைகளில் நெருஞ்சி குறைவு, மரநிழலில் அது வளராது. ஆனால் உடைமுள்ளும் சூரைமுள்ளும் ரயரின் பக்கச்சுவரைப் பார்க்கும். ரயரின் நடுப்பகுதி இரண்டு மூன்று மில்லிமீற்றர் ரப்பர், பக்கச்சுவர் துணியும் மெல்லிய பூச்சும்தான். அங்கே ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் கிழிந்தால் சீலன்ட் பிடிக்காது. இது யானைக் காடு. காலை வடிவாக விடிந்தபின் உள்ளே போய், பின்னேரம் நாலு மணிக்குள் பெரிய ரோட்டுக்கு வந்துவிடவேண்டும். நின்று ஒட்டுப்போடும் இருபது நிமிடம் நகரத்தில் மினக்கேடு, அங்கே ஆபத்து. ரியூப்லெஸ் வேண்டும் என்று சொல்ல எனக்கு இருக்கும் ஒரே பலமான காரணம் இதுதான்.

மகாவலிப் பக்கம் 40 ரயர் காணாது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் மூதூர்ப் பக்கம் போவது சுலபமாகிவிட்டது. ஏ15ஐ விட்டு அல்லை, சேருவில, வெருகல் வயல்வெளிகளுக்குள் இறங்கினால் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். காய்ந்தால் மா, நனைந்தால் களி. மாவில் 40 புதையும். 45 அல்லது 50க்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று வாங்கமுன் பாருங்கள், ரயருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆறு மில்லிமீற்றராவது வெளி வேண்டும். இல்லையென்றால் களி இறுகிச் சில்லே சுற்றாது. மாரியில், கார்த்திகை தொடங்கித் தை வரை, ஆற்றோர ரோட்டுகளை மறந்துவிடுங்கள்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

சீலன்ட் போத்தலில் இரண்டு முதல் ஏழு மாதம் என்று எழுதியிருக்கும். இங்கே கோடையில் ஆறு கிழமை. சைக்கிள் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் அதுவும் இல்லை. 40 ரயருக்குத் தாளில் 60 மில்லி. இங்கே 80 ஊற்றவேண்டும், ஆறு கிழமைக்கு ஒருமுறை 30 சேர்க்கவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரயர் கல்லுப்போல நிற்கும். அடுத்த முள்ளில்தான் தெரியும். ரப்பர் விளையும் நாட்டில் இந்த ரப்பர்பால் போத்தலைக் கொழும்பிலிருந்து வரவழைத்துக் காத்திருக்கவேண்டியிருப்பது மனதை உறுத்துகிறது.

சோதிக்கும் முறை: வால்வை மேலே நிறுத்திக் காற்றை முழுக்க இறக்கி, வால்வுக் கோரை, அதாவது வால்வுக்குள் திருகியிருக்கும் நடுத்துண்டை, கழற்றுங்கள். பிறகு அந்த ஓட்டை அடியிலிருந்து சற்று விலகி நிற்கும்படி சில்லைத் திருப்பி, மெல்லிய பிளாஸ்ரிக் கட்டுநாடாவை அடி வரை விட்டு எடுங்கள். நுனி காய்ந்து வந்தால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. பாமசியில் வாங்கும் 60 மில்லி சிறிஞ்சும் சின்னக் குழாயும் போதும். வால்வு சரியாக அடியில் நின்றால் மிச்சப் பால் அதற்குள் தேங்கி அடைத்துவிடும், கோரும் இறுகும். மாற்றுக் கோர் இரண்டு பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு அடிக்கும் காபனீரொட்சைட்டுக் குப்பி சில சீலன்டைத் திரளவைக்கும், கைப்பம்பே நல்லது. கம்பித் துளைகளால் காற்றுக் கசிந்தால் அது ரயர் இல்லை, ரிம் நாடா. ரிம்மின் உள்ளகலம் 25 என்றால் 28 மில்லிமீற்றர் நாடா ஒட்டவேண்டும்.

இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்கமுடியாதது அந்த 23 முள். ரியூப்லெஸ் தோற்றுப்போனால் ரியூப் போட்டு வீடு வரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். போடலாம். ஆனால் மாதக்கணக்காகக் குத்தி, பாலில் அடைபட்டு நிற்கும் முள் ஒவ்வொன்றும் ரயருக்குள் தலைநீட்டியபடி இருக்கிறது. புது ரியூப்பை வைத்துக் காற்றடித்த உடனே நாலைந்து இடத்தில் ஓட்டை. ரியூப்லெஸ் காப்பாற்றிய முள் எல்லாம் அது செத்த நாளில் ஒன்றாகத் திரும்பி வருகிறது. ஆகவே ரோட்டோரத்தில் ரயர் முழுக்க உள்ளே தடவி, ஒவ்வொன்றையும் குறட்டால் பிடுங்கவேண்டும். பால் ஒட்டிய விரலில் முள் தட்டுப்படாது, பழைய துணி ஒன்றால் துடையுங்கள், நூல் இழுபடும் இடத்தில் முள் இருக்கும். அரை மணிநேரம் பிடிக்கும். இதை மாதம் ஒருமுறை வீட்டிலேயே வெளிப்பக்கத்தால் செய்துவிட்டால் ரோட்டில் செய்யவேண்டி வராது. யாரும் வாங்கும்போது இதைச் சொல்வதில்லை.

பன்குளத்திலோ சேருவிலவிலோ சைக்கிள் கடை இருந்தாலும் உதவி பாதிதான். அங்கே தொங்கும் 28 அங்குல ரியூப் அளவுக்குப் பொருந்தும், வால்வு பொருந்தாது. அதற்கு ரிம்மில் எட்டு மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும், நம் சைக்கிளில் உள்ள பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வுக்கான ரிம்மில் இருப்பது ஆறரை. ஒட்டுப்போடுபவரின் பம்புக்குப் பிரெஸ்டா தெரியாது. பிரெஸ்டாவை அந்தப் பம்புக்குப் பொருந்தவைக்கும் பித்தளைத் தலை ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துவிடுங்கள். இரண்டு பிரெஸ்டா ரியூப், குறடு, பழைய ரயரில் வெட்டிய விரலளவு துண்டு, துளையில் குத்தும் ரப்பர்ப் புழு நாலு. இவை இல்லாமல் நகரம் தாண்டவேண்டாம்.

செயினுக்கு எண்ணெய் வேண்டாம், மெழுகு போடுங்கள். செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கும் களிம்புதான். குச்சவெளி, புல்மோட்டைக் கரையால் ஓடியபின் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நண்பரின் கேள்விக்குப் பதில்: சைக்கிளை எடுங்கள், ரியூப்பே போடுங்கள். தடித்த ரியூப், 40 பிஎஸ்ஐ, ஒட்டுப்பெட்டி. கை மரத்துப்போகும், கிழமைக்கு ஒரு ஒட்டுப்போடுவீர்கள், ஆனால் அந்தச் சில்லைத் திருமலையில் எந்தச் சிறுவனும் திருத்துவான். மேலே எழுதிய புகழ்ச்சியை நான் மீட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு இந்த ரயரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பதில் சொல்ல மனம் வரவில்லை.

என் பின் சில்லில் வெட்டுக்கு உட்பக்கம் ஒட்டுப்போட்டு, 23 முள்ளையும் பிடுங்கி, 80 மில்லி ஊற்றியாயிற்று. அடுத்த ஊற்றல் ஆறு கிழமையில்.