ஜிடிஎக்ஸ் 1060-உம் பிளேஸ்டேஷன் 4-உம்: பல வருஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிய அனுபவம்

காகிதக் கணக்கில் என் கம்ப்யூட்டர்தான் பலசாலி. அதில் இருப்பது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 6 ஜிபி மாடல், சுமார் 4.4 டெராஃப்ளாப் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்பதன் அளவு). டிவிக்குக் கீழே இருக்கும் பிளேஸ்டேஷன் 4, 2013-இல் வந்தது, அதற்கு 1.84 மட்டுமே. ஆனால் புது கேம் வாங்கும்போது கூடுதலாக யோசிக்க வைத்தது எது என்றால், கம்ப்யூட்டர்தான்.

பிளேஸ்டேஷனில் 2020-இல் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2', 2022-இல் 'காட் ஆஃப் வார் ராக்னராக்' என்று அதே பெட்டியில் ஆடினேன். ராக்னராக்கில் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும், அது வேறு விஷயம். கேமை உருவாக்குபவருக்குத் தெரிந்த சிப் ஒன்றே ஒன்று. அதற்கான ஷேடர்களை (ஒளி, நிறம், நெருப்பு எல்லாவற்றையும் திரையில் வரையும் சிறு நிரல்கள்) முன்கூட்டியே கம்பைல் செய்து, அதாவது சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, கேமோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. கேமைத் திறந்தால் 'ஷேடர்கள் தயாராகின்றன' என்று ஒரு பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும், சிபியு முழு மூச்சில் ஓடும். முடிந்து ஆட ஆரம்பித்தாயிற்று, அடுத்த வாரம் டிரைவருக்கு (கார்டை இயக்கும் மென்பொருள்) அப்டேட் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்தப் பட்டையே போடாத கேம்கள் இன்னும் மோசம். புதிய எதிரி வந்து முதல் தடவை நெருப்பைக் கக்கும் அந்த நொடியில் படம் நின்றுவிடும். இரண்டாம் தடவை அதே நெருப்பு வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் இப்போது அது தயார் நிலையில் கேஷில் சேமிக்கப்பட்டு இருக்கிறது.

இதில் கார்டைக் குறை சொல்ல முடியாது. கேமும் கிராபிக்ஸ் கார்டும் பேசிக்கொள்ள உதவும் இடைமுகம் டைரக்ட்எக்ஸ். அதன் 11-ஆம் பதிப்பின் காலத்தில் இந்த மாதிரி வேலைகளில் பெரும்பகுதியை டிரைவரே திரைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டது. 2015-இல் டைரக்ட்எக்ஸ் 12, 2016-இல் அதே மாதிரி இன்னொரு இடைமுகமான வல்கன் வந்தபோது அந்தப் பொறுப்பு கேம் உருவாக்குபவர் கைக்குப் போனது. எந்தெந்த ஷேடர், எந்தெந்த அமைப்போடு தேவைப்படும் என்பதை அவர்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் அந்த இடத்தில் திக்கும். வேகத்துக்காக வந்த மாற்றம்தான், சரியாகச் செய்த கேமில் பலன் கண்கூடு. 2016-இல் வந்த 'டூம்' என் கார்டில் வல்கனில் இன்றைக்கும் பறக்கிறது. ஆனால் எல்லா ஸ்டுடியோவுக்கும் அந்த ஆளும் நேரமும் கிடையாது.

2022-இல் வந்த ஸ்டீம் டெக்கைப் பாருங்கள். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர்தான். ஆனால் எல்லா டெக்கிலும் கிராபிக்ஸ் ஒரே வகை என்பதால், வால்வ் நிறுவனம் கம்பைல் செய்த ஷேடர்களை டவுன்லோடாகவே அனுப்பிவிடுகிறது.

திக்கலையாவது பொறுத்துக்கொள்ளலாம், என்னை உண்மையில் வெளியே தள்ளியது, கார்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று புது கேம்கள் கேட்கும் வசதிப் பட்டியல். 2020-இல் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் வந்து ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரைவது), மெஷ் ஷேடர் (பொருள்களின் வடிவத்தைச் சிறு துண்டுகளாகக் கையாளும் புது முறை) எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. 2023-இல் 'ஆலன் வேக் 2' மெஷ் ஷேடரை நம்பி வந்தது. என் தலைமுறைக் கார்டுகளில் அது இல்லை. (அடுத்த வருஷம் ஒரு அப்டேட்டில் பழைய கார்டுகளிலும் வேகத்தைக் கூட்டிக் கொஞ்சம் கருணை காட்டினார்கள்.) 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' கேமுக்கோ ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். அதே கேம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் நொடிக்கு 60 பிரேமில் ஓடுகிறது, அதன் திறன் 4 டெராஃப்ளாப். 2019-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டு காகிதத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஆனாலும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாததால் தேவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதை வாங்கியவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது.

கன்சோல் எப்போதும் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். 2020-இல் 'சைபர்பங்க் 2077' பிளேஸ்டேஷன் 4-இல் வந்த லட்சணத்தைப் பார்த்து சோனியே தன் கடையிலிருந்து அதைத் தூக்கியது. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்குகளும் 4-இல் ஓடாது. கம்ப்யூட்டரிலோ பத்து, பதினைந்து வருஷப் பழைய கேம்களைக்கூட அதிகம் மெனக்கெடாமல் ஆடுகிறேன்.

என்விடியா 2025 அக்டோபரோடு இந்தக் கார்டுக்கான புது கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை. பழைய கேம்களுக்காக இதை வைத்துக்கொள்ளப் போகிறேன். புதிதாக வாங்குபவர்கள் டெராஃப்ளாப்பையும் பிரேம் கணக்கையும் பார்ப்பதற்கு முன், இப்போதைய கன்சோல்களின் சிப்பில் உள்ள வசதிகள் எல்லாம் அந்தக் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மெமரி 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் தொடவே வேண்டாம்.