எல்கேஜிக்கு எங்கே: சின்ன மாண்டிசோரியா, பெரிய மெட்ரிக் பள்ளியா?

சென்னையில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இடம் தேடினால் இந்த இரண்டும்தான் எதிரெதிரே நிற்கும்.

பெரிய வித்தியாசம் எழுத்தில். மெட்ரிக் பள்ளிகள் பலவற்றில் எல்கேஜியிலேயே பென்சில், நாலு கோடு நோட்டு, வீட்டுப்பாடம். விரலில் வலு வராத பிள்ளை பென்சிலை முஷ்டியாகப் பிடித்து அழுத்தும். அந்தப் பிடி பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. மாண்டிசோரி என்பது பிள்ளை பொருளைக் கையாண்டு தானே கற்கும் முறை. அங்கே முதலில் உருளைக் கட்டை: ஒரு கட்டையில் 10 குழி, 10 உருளை. உருளையின் தலையிலுள்ள குமிழை மூன்று விரலால் கிள்ளி எடுத்து வைத்தே பென்சில் பிடி வந்துவிடும். பிறகு உப்புத்தாள் எழுத்தைத் தடவி ஒலியைச் சொல்லும். இந்த வயதுக்கு இதுவே சரி.

ஆனால் மேல்நிலை வரை உள்ள மெட்ரிக்கில் நுழைந்தால் அடுத்தடுத்த வகுப்புக்கு வேறு பள்ளி தேடும் கவலை பெரும்பாலும் இல்லை. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளி என்றால் கல்வி உரிமைச் சட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான 25% இடத்துக்கும் எல்கேஜியிலேயே விண்ணப்பிக்கலாம். சின்னப் பள்ளி பெரும்பாலும் யுகேஜியோடு முடிந்துவிடும்.

பலர் தவறுவது, மாண்டிசோரியிலிருந்து இரண்டாம் வருடத்தோடு பிள்ளையை எடுத்துவிடுவதில். வாசிப்பும் கணக்கும் கூடிவருவது மூன்றாம் வருடத்தில்தான்.

இன்னொன்று, மாண்டிசோரி என்று யாரும் பலகை மாட்டலாம். காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில், ஆளுக்கொரு பாயில் தனி வேலையாக இருக்க வேண்டும். அலமாரி பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ரைம்ஸ் ஒப்பித்தால், அது மெட்ரிக் எல்கேஜியேதான்.