வாட்டர் கூல் பைக்கோட ஆறு வருசம், ஹீட்டால நான் பட்ட பாடு

என்ட பைக் 200 சிசி, வாட்டர் கூல், காபரேட்டர் மொடல். 2019 கடைசியில செகண்ட் ஹேண்டா எடுத்தது, எடுக்கக்குள்ள மீட்டர் 14,000, இப்ப 71,000 தாண்டிட்டு. எந்தக் கம்பெனி எண்டு கேக்காதீங்க, இந்தக் கதையில பாதிப் பிழை என்ட.

நான் இருக்கிறது மட்டக்களப்பில ஆரையம்பதி, வேலை களுவாஞ்சிகுடியில, அது போக மண்முனைப் பாலத்தால போய் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால கொஞ்சம் வயல் கிடக்கு. கிழமைக்கு ரெண்டு மூணு தரம் வட்டைக்குப் போய் வரணும். இத ஏன் சொல்றன் எண்டா ஹீட் பிரச்சினை தொடங்கினதே அந்த வட்டையிலதான், அது விளங்கிறதுக்கு எனக்கு ஒரு வருசத்துக்கு மேல எடுத்தது.

முதல் வருசம் ஒரு குறையும் இல்ல. 2021 பங்குனி, பெரும்போக வெட்டு முடியிற நேரம், டவுனுக்குப் போகக்குள்ள காத்தான்குடி மெயின் ரோட்டில, நடுவால பேரீச்ச மரம் நட்டிருக்கிற அந்தத் துண்டில, வாகனமெல்லாம் ஊர்ந்து ஊர்ந்து போகுது, மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில், மீட்டர்ல சிவப்பு லைட் ஒண்டு பத்திச்சு. அது ஹீட் லைட், நான் முதல் ஒயில் லைட் எண்டு நினைச்சன். ஃபேன் கத்துற சத்தம் கேக்குது, காலுக்கு அனல் அடிக்குது, ஓரமா நிப்பாட்டி ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வந்து பாத்தா லைட் இல்ல. சரி எண்டு வந்திட்டன். அதுக்குப் பிறகு ரெண்டு நாளைக்கு ஒருக்கா பத்தத் தொடங்கிட்டு.

வழமையா காட்டுற கராஜுக்குக் கொண்டு போனன். பாஸ் பாத்திட்டு "தம்பி, தேர்மோஸ்டாட்தான் வேலைய காட்டுது, இது குளிர் நாட்டுக்கு வச்சிருக்கிற சாமான், நம்மட வெயிலுக்கு என்னத்துக்கு" எண்டு கழட்டி என்ட கையில தந்தார், எஞ்சின ஆத்துற கூலன்ட் தண்ணி குறைஞ்சிருந்த இடத்துக்கு கராஜ் கிணத்துத் தண்ணிய ஊத்தி மூடினார். அந்த நேரம் எனக்கும் ஒண்டும் தெரியாது, காசும் பெரிசா எடுக்கல்ல, சந்தோசமா வந்தன். உண்மையச் சொன்னா கொஞ்ச நாள் லைட்டும் பத்தல்ல.

ஆனா மற்றப் பக்கத்தால அடி விழுந்திச்சு. தேர்மோஸ்டாட் செய்யிற வேலை என்னெண்டா எஞ்சின் அளவான சூட்டுக்கு வருமட்டும் தண்ணிய, அதக் காத்தில ஆத்துற ரேடியேட்டர் பக்கம் விடாம மறிச்சு வச்சிருக்கிறது, எண்பது சொச்சம் டிகிரி வந்தாப் பிறகுதான் கதவு திறக்கும். அது இல்லாட்டி தண்ணி எந்த நேரமும் ரேடியேட்டரால சுத்திக்கொண்டே இருக்கும். விடியக்காத்தால வெளிக்கிட்டா களுவாஞ்சிகுடி போய்ச் சேருமட்டும் எஞ்சின் சூடேறாது, சோக்க தள்ளினா இருமுது, லீட்டருக்கு 38 ஓடின பைக் 32க்கு வந்திட்டு. வேற காலமெண்டா விட்டிருப்பன், வந்தது 2022, பெற்றோல் தட்டுப்பாட்டு வருசம். பெற்றோலுக்கு கியூஆர் கோட்டா வந்த நேரம் மோட்டர் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீட்டர்தான், அந்த நாலு லீட்டர்ல 24 கிலோமீட்டர் குறைஞ்சா அது வட்டைக்கு ஒருக்கா போய் வாற ஓட்டம். பெற்றோல் செட்டில லைன்ல நிண்டு நிண்டு நான் அந்தத் தேர்மோஸ்டாட்டைத்தான் நினைச்சன், அது வீட்டில மேசை லாச்சிக்குள்ள சும்மா கிடக்கு.

சிறுபோக வெட்டு வந்தோட லைட் திரும்பவும். இந்த முறை தேர்மோஸ்டாட்டும் இல்ல, அதில பழி போட எலாது.

ஏறாவூர்ல ஒரு முஸ்லிம் அண்ணன் இருக்கார், காக்கா எண்டுதான் நாங்க கூப்பிடுறது, பழைய ஆள், டிரெக்டர், லொறி ரேடியேட்டர் ஒட்டுறதுதான் அவர்ர தொழில், பைக் பாக்கிறதே குறைவு. மச்சான் சொல்லித்தான் போனன். அவர் எஞ்சினத் தொடவே இல்ல. ரேடியேட்டருக்குப் பின்னால டோர்ச்ச பிடிச்சு முன்னால நிண்டு பார் எண்டார். வெளிச்சம் தெரியிறது ஒரு ஓரத்தால மட்டுந்தான், மிச்சம் முழுக்க அடைப்பு. "எங்க மனே ஓடுற, வயலுக்குள்ளயா?" எண்டு கேட்டார். அப்பதான் எனக்குப் பத்திச்சு. வெட்டு மெசின் ஓடுற நேரம் வட்டை முழுக்க நெல்லுச் சுணையும் சப்பியும் (பதர்) பறக்கும், ரோட்டில நெல்லுக் காயப்போட்டிருக்கும், அதுக்குப் பக்கத்தால நாம போவம், முன்சில்லு அடிக்கிற சேறு மேலால பூசும், அந்தச் சேத்தில சப்பி ஒட்டி வெயிலுக்குக் காய்ஞ்சு சாணி மெழுகின மாதிரி இறுகிடும். காத்துப் போக இடமில்லாட்டி ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் என்ன. ரெண்டு தரமும் வெட்டு நேரத்தில லைட் பத்தினது ஏன் எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சு.

இன்னொண்டும் காட்டினார். சேவிஸ் ஸ்டேசன்ல தண்ணி பீச்சுற பிரஷர் கன்ன கிட்டப் பிடிச்சு அடிச்சதில ரேடியேட்டர்ர மெல்லிய தகடெல்லாம் ஒரு பக்கமா படிஞ்சு கிடந்தது. நான் மாசத்துக்கு ஒருக்கா காசு குடுத்துச் செய்விச்ச வேலை அது, சுத்தமா வச்சிருக்கிறன் எண்ட பெருமை வேற. காக்கா ஒரு சின்ன குறடால ஒவ்வொரு தகடா நிமித்தினார், பின்னுக்கிருந்து முன்னுக்கு மெதுவா பைப்புத் தண்ணி விட்டார், முன்னுக்கிருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ளுக்குத்தான் போகுமாம். வந்த குப்பைய சேத்திருந்தா ஒரு கோழிக்கு ஒரு நேரத் தீன்.

உள்ளுக்கு கிணத்துத் தண்ணி செஞ்ச வேலை வேற. நம்மட பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடையில கிடக்கிற மண், கன கிணத்தில தண்ணி சவர். கேத்தலுக்கு அடியில வெள்ளையா படியுமே, அதேதான் ரேடியேட்டர் வாயிலயும். கழட்டி அலசி அலசி ஊத்தினார், முதல் வந்தது துருக் கலர் தண்ணி. மறுகா புதுக் கூலன்டும் டிஸ்டில்ட் வோட்டரும் பாதிக்குப் பாதி. பெட்டரிக் கடையில டிஸ்டில்ட் வோட்டர் வாங்கக்குள்ள பாத்து வாங்குங்க, பக்கத்திலயே அசிட் போத்தலும் அடுக்கியிருப்பாங்க. தேர்மோஸ்டாட் நல்லதா எண்டு பாக்க வீட்டில சட்டியில தண்ணி கொதிக்க வச்சு நூல்ல கட்டித் தொங்க விட்டன், தண்ணி கொதிக்கக் கிட்ட வரக்குள்ள டக்கெண்டு திறந்திச்சு, சாமான் ஒரு பழுதும் இல்ல. மனுசி அந்தச் சட்டிய அதுக்குப் பிறகு அடுப்பில வைக்கல்ல, அது தனிக்கதை. தேர்மோஸ்டாட்ட திரும்பப் போட்டு ஒரு மாசத்தில லீட்டருக்கு 37க்கு வந்திட்டு.

இவ்வளவும் செஞ்சாப் பிறகு எனக்கு எல்லாம் தெரியும் எண்ட நினைப்பு வந்திட்டு. 2023 ஆவணியில கண்டிப் பெரஹரா பாக்க சினேகிதன் ஒருத்தன பின்னால ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன், செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை எண்டு அருமையான ஓட்டம், மகாஓயா வெந்நீர்க் கிணத்தில இறங்கி முகம் கழுவிட்டு "இது மாதிரி நம்மட ரேடியேட்டர் கொதிக்காட்டிச் சரி" எண்டு அவன் பகிடி விட்டான். வாய் முகூர்த்தம். ஹசலக்க தாண்டி பதினெட்டு வளைவு ஏறுறம், ரெண்டாம் கியர், ரெண்டு பேரும் பேக்கும், பாதி வளைவு ஏறினாப் பிறகு லைட் பத்தி, கீழால ஸ்ஸ் எண்டு ஆவி, கூலன்ட் ரிசேவ் போத்தல் நிரம்பி ரோட்டில வழியுது.

சினேகிதன் உடன ரேடியேட்டர் மூடியத் திறக்கப் போனான், கையத் தட்டி விட்டன். தயவுசெஞ்சு இத மட்டும் செய்யாதீங்க, உள்ளுக்கு பிரஷர்ல நிக்கிற தண்ணி திறந்த உடன முகத்துக்குத்தான் வரும். முக்கால் மணித்தியாலம் குந்தி இருந்து, மூடிய வெறுங்கையால பிடிக்கிற அளவுக்கு ஆறினாப் பிறகு துணி போட்டுத் திறந்தம். குரங்குகள்தான் துணைக்கு.

பிழை என்னெண்டா அந்த மூடியேதான். மூடி எண்டா போத்தல் மூடி மாதிரி எண்டுதான் நான் நினைச்சிருந்தன். பிளேன் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் எண்டா 107 கிட்ட, அதுக்கு மேல மூடியில இருக்கிற ஸ்பிரிங் பிரஷர பிடிச்சு வச்சிருந்தா 120 தாண்டியும் கொதிக்காது. என்ட மூடியில 1.1 எண்டு அடிச்சிருக்கிறது அந்த பிரஷர்தான். ரப்பர் வாசர் வெடிச்சுப் போனதால பிரஷர் நிக்கல்ல, கூலன்ட் போத்தலுக்குப் போச்சு, ஆறக்குள்ள திரும்பி இழுபடவும் இல்ல. கண்டியில 1,900 ரூவாக்கு ஒரு மூடி வாங்கிப் போட்டன், வரக்குள்ள ஒரு கரைச்சலும் இல்ல. காக்கா மூடியப் பாக்கல்லயே எண்டு முதல் கோவம் வந்திச்சுத்தான், ஆனா நான் அவரிட்ட மலை ஏறப்போறன் எண்டு சொல்லவும் இல்ல.

அதுக்குப் பிறகு பெரிய செலவு எண்டா மீட்டர் 58,000ல நிக்கக்குள்ள வோட்டர் பம் சீல். பம்முக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதால ஒரு சொட்டு ரெண்டு சொட்டு கூலன்ட் விழுந்தா சீல் போகப்போகுது எண்டு அர்த்தம். சில பேர் அந்த ஓட்டைய பசை வச்சு அடைக்கிறாங்க. அடைச்சா தண்ணி ஒயில் பக்கம் போகும், ஒயில் பால்தேத்தண்ணி கலருக்கு வந்தா பிறகு எஞ்சினே இறக்கணும். நான் சொட்டு கண்ட கிழமையே மாத்திட்டன்.

இந்த மாதிரி வாட்டர் கூல் பைக் எடுக்கலாமா எண்டு கேக்கிற ஆக்களுக்கு, லோங் ஓட்டம் கூட எண்டா எடுங்க, கச்சான் காத்தடிக்கிற ஆடி வெயிலுக்குள்ள வாகரைப் பக்கம் 80ல விட்டாலும் எஞ்சின் இழுவை குறையாது, ஏர் கூல்ல எனக்கு அந்தச் சுகம் கிடைக்கல்ல. வட்டைக்கும் சந்தைக்குமெண்டா ஏர் கூல் 125 காணும், ரேடியேட்டர் எண்ட தலையிடியே இல்ல. நிண்டு நிண்டு போற ரோட்டில காலுக்கு அனல் அடிக்கிறது மட்டும் பழுது இல்ல, ஃபேன் ஓடினா அப்பிடித்தான், எனக்கு இன்னும் அது பழகல்ல.

இப்ப சீட்டுக்கடியில டூல்ஸோட ஒரு சின்ன டோர்ச்சும் பழைய பல்லு பிரஷ்ஷும் கிடக்கு. வெட்டுத் தொடங்கினா ஞாயிற்றுக்கிழமை விடிய ரேடியேட்டருக்குப் பின்னால டோர்ச் அடிச்சுப் பாக்கிறதுதான் முதல் வேலை. பிரஷ் ஆர்ர எண்டு மனுசி கேட்டா, இன்னும் நான் மறுமொழி சொல்லல்ல.