16 டெராபைட் கையடக்க வன்வட்டு: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இணைய விற்பனைத் தளங்களில், உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய, தனி மின் இணைப்பு தேவைப்படாத வெளி வன்வட்டு ஒன்று '16 டெராபைட்' என்ற பெயரில், பெயர் பெற்ற நிறுவனங்களின் 2 டெராபைட் வட்டைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டு வருகிறது. அதே உறை, அதே நிறம், அதே விளம்பரப் படத்துடன் 8, 30, 64 என்ற எண்களைத் தாங்கியும் அது வருகிறது. நான் வாங்கியதைப் பிரித்துப் பார்த்தபோது அதற்குள் சுழலும் தட்டு எதுவும் இல்லை. சிறிய மின்சுற்றுப் பலகை ஒன்று, அதில் செருகப்பட்ட 64 ஜிகாபைட் மெமரி கார்டு ஒன்று, கையில் எடுத்தால் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பசையால் ஒட்டப்பட்ட இரும்புத் துண்டு ஒன்று, அவ்வளவுதான்.

கணினியில் இணைத்த உடனே இந்த ஏமாற்று தெரிந்துவிடாது என்பதால் விவரமாக எழுதுகிறேன். இணைத்தவுடன் விண்டோஸ் அதை ஏறக்குறைய 16 டெராபைட் என்றே காட்டியது. கோப்புகளை நகலெடுத்தபோது பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கோப்புறைகளைத் திறந்தால் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகவே இருந்தன. அப்போதுதான் நகலெடுத்த ஒளிப்படத்தைத் திறந்தால் அதுவும் திறந்தது. ஏனெனில் சற்று முன் கையாண்ட கோப்பை இயங்குதளம் பல நேரங்களில் வட்டிலிருந்து படிக்காமல் தன் நினைவகத்திலிருந்தே எடுத்துக் காட்டும். கணினியை அணைத்துச் சில வாரங்கள் கழித்து மீண்டும் இணைத்துப் பார்த்தபோதுதான், முதலில் ஏற்றிய சிலவற்றைத் தவிர மற்றப் படங்கள் பாதி சாம்பல் நிறமாகவோ, திறக்கவே முடியாதவையாகவோ இருப்பது தெரிந்தது. அவற்றின் மூலப் படிகளில் பெரும்பகுதி என் பழைய வன்வட்டில் அழிக்கப்படாமல் இருந்ததால் அவை தப்பின. கைப்பேசியிலிருந்து நேரடியாக இதற்கு மாற்றிய காணொளிகள் தப்பவில்லை. அவற்றை மீட்கும் மென்பொருள் எதுவும் கிடையாது, ஏனெனில் அவை எங்கும் எழுதப்படவே இல்லை அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டுவிட்டன.

இது நடக்கும் முறை எளிமையானது. ஒரு சேமிப்புக் கருவியின் கொள்ளளவைக் கணினி அளந்து பார்ப்பதில்லை. அந்தக் கருவியையே கேட்கிறது. கருவிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு என்ன எண்ணைச் சொல்கிறதோ அதை அப்படியே நம்பி, அந்த அளவுக்கு முகவரிகளை ஒதுக்கிக்கொள்கிறது. மோசடிக்காரர் செய்வது அந்தச் சில்லின் ஃபெர்ம்வேரை (சில்லுக்குள் பதிந்திருக்கும் இயக்க மென்பொருளை) மாற்றிப் பொய்யான எண்ணைச் சொல்ல வைப்பது மட்டுமே. ஒரே வீட்டின் கதவில் 250 கதவெண்களை எழுதி ஒட்டினால், எந்த எண்ணுக்கு வரும் கடிதமும் அந்த ஒரு வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். 64 ஜிகாபைட்டை 16 டெராபைட்டாகக் காட்டும்போது நடப்பதும் இதுவே. சில கருவிகள் உண்மையான எல்லையைத் தாண்டியதும் மறுபடி தொடக்கத்துக்கு வந்து பழையதன் மேல் எழுதுகின்றன. வேறு சில, கோப்புப் பட்டியல் இருக்கும் தொடக்கப் பகுதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, எல்லைக்கு அப்பால் வருவதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுக் கைவிடுகின்றன. இரண்டாவது வகைதான் கொடியது, ஏனெனில் பட்டியல் கெடாமல் இருக்கும் வரை யாருக்கும் ஐயம் எழாது.

இவ்வளவு அப்பட்டமான பொய் விலைபோவதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. வன்வட்டுகளின் வரலாறே எந்த எண்ணையும் நம்பத்தக்கதாக்கிவிட்டது. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்வட்டு, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டு, ஏறத்தாழ ஒரு டன் எடையுடன், 50 லட்சம் எழுத்துகளைத்தான் சேமித்தது. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு படம் அதில் கொள்ளுமா என்பதே ஐயம். 1980இல் மேசைக் கணினிகளுக்காக வந்த ஐந்தேகால் அங்குல வட்டின் கொள்ளளவு 5 மெகாபைட். ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் 1988இல் கண்டறிந்த, 2007இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த பெருங்காந்தத்தடை விளைவை (சிறு காந்தப்புல மாற்றத்துக்கும் மின்தடை பெரிதாக மாறுவதை) அடிப்படையாகக் கொண்டு தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனையுடன், ஐ.பி.எம். 1997இல் 16.8 ஜிகாபைட் வட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் பத்தே ஆண்டுகளில், 2007இல், ஹிட்டாச்சியின் 1 டெராபைட் வட்டு வந்துவிட்டது. பத்தாண்டுகளில் ஏறக்குறைய 60 மடங்கு. இந்தக் காலத்தில் கணினி வாங்கிப் பழகிய ஒருவர், 'போன முறை 2 டெராபைட் வாங்கினேன், இப்போது 16 வந்திருக்கிறது' என்று எண்ணுவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வேகம் 2010க்குப் பிறகு நீடிக்கவில்லை. 2007இன் 1 டெராபைட், 2017இல் 12 முதல் 14 டெராபைட் வரைதான் வளர்ந்தது. தட்டில் தரவைத் தாங்கும் காந்தத் துகள்களை ஓர் அளவுக்கு மேல் சிறிதாக்கினால் அறை வெப்பமே அவற்றின் திசையைப் புரட்டிவிடும் என்ற இயற்பியல் எல்லை குறுக்கே நிற்கிறது. துகள்களின் காந்தத் திசையைச் செங்குத்தாக்குவது, உறைக்குள் ஹீலியம் நிரப்பி அதிகத் தட்டுகளை அடுக்குவது, தரவு பதியும் வட்டத் தடங்களைக் கூரை ஓடுகள் போல ஒன்றின் மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதுவது, எழுதும் இடத்தை லேசரால் நொடிப்பொழுது சூடாக்குவது என்று ஒவ்வொரு தடையையும் பெரும் உழைப்பால்தான் பொறியாளர்கள் தாண்டியிருக்கிறார்கள். லேசர் முறையில் 30 டெராபைட்டைத் தாண்டிய வட்டுகள் 2024இல் அறிவிக்கப்பட்டன என்பது உண்மை. அவை மூன்றரை அங்குல வட்டுகள், தரவு மையங்களுக்கானவை, 12 வோல்ட் மின்சாரம் இன்றி ஓடாதவை.

விளம்பரங்கள் மறைக்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. யுஎஸ்பி கம்பி ஒன்றிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும் சிறிய வெளி வன்வட்டுக்குள் இருப்பது இரண்டரை அங்குல வட்டு. அந்த அளவில் 5 டெராபைட் 2016இல் வந்தது. 6 டெராபைட் 2024இல்தான் வந்தது. எட்டு ஆண்டுகளில் ஒரே ஒரு டெராபைட்! ஆகவே தனி மின் அடாப்டர் இல்லாத, '16 டெராபைட் வன்வட்டு' என்று சொல்லப்படும் கையடக்கப் பொருள், விற்பவர் யாராக இருந்தாலும் பொய். தட்டுகள் இல்லாத எஸ்எஸ்டி வகையில் கையடக்கமாக 8 டெராபைட் வரை பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் விலை, அதே கொள்ளளவுள்ள வன்வட்டின் விலையைவிடப் பல மடங்கு என்பதால், மலிவாகக் கிடைக்கும் '16 டெராபைட் எஸ்எஸ்டி'யையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாம்.

மோசடிக்காரர்களுக்கு உதவும் இன்னொரு செய்தியும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கொள்ளளவு வளர்ந்த வேகத்தில் படிக்கும், எழுதும் வேகம் வளரவில்லை. தட்டின் பரப்பில் தடங்களும் நெருக்கமாகின்றன, ஒவ்வொரு தடத்திலும் பிட்டுகளும் நெருக்கமாகின்றன. கொள்ளளவு இந்த இரண்டாலும் பெருகுகிறது. ஆனால் தட்டு ஒருமுறை சுழலும்போது முனைக்குக் கீழே கடந்து செல்வது ஒரு தடம் மட்டுமே என்பதால் வேகம் இரண்டாவதால் மட்டுமே கூடுகிறது. 1990களில் 1 ஜிகாபைட் வட்டு முழுவதையும் பத்து நிமிடத்துக்குள் படித்துவிட முடிந்தது. இன்று உண்மையான 16 டெராபைட் வட்டு ஒன்றை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போலிக்குள் இருக்கும் மெமரி கார்டோ விநாடிக்கு 20 மெகாபைட் அளவில்தான் எழுதும் என்று வைத்துக்கொண்டால், அதன் பொய்யான கொள்ளளவை முழுதும் நிரப்பிப் பார்க்க ஒன்பது நாள்களுக்கு மேல் ஆகிவிடும். பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் யாரும் அவ்வளவு எழுதிப் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வணிகம் நடக்கிறது.

முழுவதையும் நிரப்பாமலே கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. விண்டோஸுக்கான வேலிடிரைவ் என்ற இலவச மென்பொருள், வட்டு முழுவதிலும் சீராகப் பரவிய நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, எங்கே சேமிப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் படமாகவே காட்டிவிடும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு எஃப்3 என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பு உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற விண்டோஸ் சோதனை மென்பொருள் பழையது, மெதுவானது என்றாலும், எழுதிய ஒவ்வொரு பைட்டையும் திரும்பப் படித்துப் பார்ப்பதால் அதன் அறிக்கையை யாரும் மறுக்க முடியாது. உண்மையான எல்லையைச் சற்றுத் தாண்டும் அளவுக்கு, எடுத்துக்காட்டாக 300 ஜிகாபைட், எழுதச் சொன்னாலே பெரும்பாலான போலிகள் சிக்கிவிடும். எதுவானாலும், வட்டில் ஒரு கோப்பைக்கூட ஏற்றுவதற்கு முன் செய்யுங்கள்.

விற்பனையாளரின் பதில் தனிக் கதை. கோப்புகள் கெட்டது பற்றி எழுதியபோது, 'கொள்ளளவு சற்றுக் குறைவாகத் தெரிவது இயல்பு. ஒரு கிலோபைட்டை நிறுவனங்கள் 1000 பைட் என்று கணக்கிடுகின்றன, கணினி 1024 பைட் என்று கணக்கிடுகிறது' என்று விளக்கம் வந்தது. நான் கேட்காத கேள்விக்கு அளித்த பதில் அது. அந்த வேறுபாடு உண்மையானதுதான். அதனாலேயே 1 டெராபைட் வட்டை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டுகிறது. அதே கணக்கின்படி நேர்மையான 16 டெராபைட் வட்டு விண்டோஸில் ஏறக்குறைய 14.55 என்று தெரிய வேண்டும். என்னிடம் இருந்ததோ 16 என்றே காட்டியது. பொய் எண்ணை எழுதியவருக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரவில்லை போலும். ஆகவே 16 என்று சொன்னது 16 என்றே தெரிந்தால் மகிழாதீர்கள், ஐயப்படுங்கள். அடுத்த மடலில், பொருளைப் பற்றி எழுதிய குறையை நீக்கிவிட்டால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். இதை ஏற்க வேண்டாம்; அந்தப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள் குவிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கிய அன்றே, கோப்பு எதையும் திரும்பத் திறந்து பார்க்காமல், 'வேகமாக வந்து சேர்ந்தது, அழகாக இருக்கிறது' என்று எழுதுபவர்கள் மற்றொரு காரணம்.

அசல் வன்வட்டு வாங்குபவர்களும் முற்றிலும் கவலையற்று இருந்துவிட முடியாது. தரவு மையங்களிலும் மின்காசு (கிரிப்டோ நாணய) உருவாக்கத்திலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய வட்டுகளின் பயன்பாட்டுக் கணக்கை அழித்துப் புதியவை என்று விற்ற செய்தி 2025 தொடக்கத்தில் வெளிவந்தது. உறையில் உள்ள வரிசை எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் இட்டு, உத்தரவாதக் காலம் முழுமையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

விற்பனையாளரிடம் மேற்கொண்டு வாதாடாமல், சோதனை அறிக்கையையும் பிரித்த பெட்டியின் படத்தையும் விற்பனைத் தளத்தின் நிர்வாகத்துக்கே அனுப்பினேன். 'கொள்ளளவு குறைவு' என்று எழுதினால் அது தரக்குறைபாடாகக் கருதப்பட்டு மீண்டும் விற்பனையாளரிடமே திரும்பிப் போகும். 'விவரித்த பொருள் அல்ல, போலி' என்று எழுத வேண்டும். முழுப் பணத்தையும் தர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த 64 ஜிகாபைட்டில் நம்முடைய படங்களும் ஆவணங்களும் ஓரளவு இருக்கும், வட்டை விரைவு முறையில் ஃபார்மேட் செய்வதால் மட்டும் அவை அழிந்துவிடாது. நான் எச்2டெஸ்ட்டபிள்யூவை மீண்டும் ஓடவிட்டு, கார்டின் உண்மையான அளவைப் போல இரண்டு மடங்கு எழுதச் செய்தேன். மீட்பு மென்பொருள் ஒன்றால் தேடி, பழைய கோப்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அதை அனுப்பினேன்.