கெட்டிஸ்பர்க் போர்க்கள வழிகாட்டி: இரண்டு மணி நேரம் போதவில்லை

போன அக்டோபரில் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்த, பென்சில்வேனியாவில் இருக்கும் கெட்டிஸ்பர்க் போய் வந்தோம். நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து மூன்று மணி நேரம் கார்ப் பயணம். எனக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை ஒரு கைப்பேசிச் செயலியை நம்பிப் போய், பாதி இடங்களில் குரலே வராமல், பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். அங்கே 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எது எதற்கு என்று ஒன்றும் பிடிபடாது. அதனால் இந்த முறை உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை முன்பதிவு செய்தோம்.

பார்வையாளர் மையத்தில் வழிகாட்டி நம்மைச் சந்திப்பார். நம் காரையே அவர் ஓட்டுவார், ஓட்டிக்கொண்டே பேசுவார். 1915-லிருந்து இந்த உரிம முறை இருக்கிறது. கடினமான தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க முடியும். எங்களுக்கு வந்தவர் வயதானவர், நிதானமான குரல். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், எங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டார். மகள் எட்டாம் வகுப்பு. அதிபர் லிங்கன் இங்கே பேசிய உரையைப் பள்ளிக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அப்பாவோ, “மக்களால், மக்களுக்காக, மக்களுடைய ஆட்சி” என்று தமிழிலேயே சொன்னார். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் மக்களாட்சிக்கு இலக்கணம் அந்த வரிதானே. நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னதும், “அந்த வரி எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம்” என்றார் அவர்.

1863 ஜூலை 1, 2, 3 என்று மூன்று நாள் சண்டை. அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படைக்குத் தலைவர் ராபர்ட் லீ. லிங்கனின் அரசுக்காகப் போரிட்ட வடக்குப் படைக்கு ஜார்ஜ் மீட். அவர் பொறுப்பேற்றதே சண்டைக்கு மூன்று நாள் முன்புதான். இறந்தோர், காயம்பட்டோர், பிடிபட்டோர், காணாமல் போனோர் என இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். முதல் நாள் சண்டை நடந்த மேட்டில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில்தான் அப்பா முழுக்க விழித்துக்கொண்டார். இரண்டாம் நாள் வடக்குப் படையின் இடது ஓரத்தைக் காத்தது மெய்ன் மாநிலத்தின் 20-வது படைப்பிரிவு. தோட்டா தீர்ந்துபோகும் நிலையில், துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிப் பாய்ந்து எதிரியை விரட்டியவர்கள். அதன் தலைவர் ஜோஷுவா சேம்பர்லின், போருக்கு முன் கல்லூரியில் பேச்சுக்கலை கற்பித்த பேராசிரியர். சில வாரங்களுக்கு முன், போரிட மறுத்த வேறொரு படைப்பிரிவின் வீரர்கள் சுமார் 120 பேரைக் காவலில் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் அவர்களிடம் பேசினார். பெரும்பாலோர் மறுபடி துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள். மதுரையில் விடிய விடியப் பொதுக்கூட்டம் கேட்டு வளர்ந்தவர் அப்பா. “என்ன பேசினார்னு கேளும்மா” என்று என்னை இரண்டு முறை கேட்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் இடம்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. வர்ஜீனியா நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் வழிகாட்டி காரை நிறுத்தி, எதிரே முக்கால் மைல் தூரத்தில் ஒரு சின்ன மரக்கூட்டத்தைக் காட்டினார். நடுவில் மறைவதற்கு எதுவும் இல்லாத வயல்வெளி. தெற்கு வீரர்கள் சுமார் 12,500 பேர், வடக்குப் படை நின்ற அந்த மரக்கூட்டத்தைக் குறிவைத்து நடந்தார்கள். வழியில் சாலையோரத்து வேலியை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் சுடுபட்டு விழுந்தவர்கள் ஏராளம். புறப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இழப்பு. மகளைப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். போனவள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதுவும் பேசாமல் வந்து நின்றாள்.

அந்த மரக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை வீடு இருக்கிறது. ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் வீடு. அடிமை அல்ல, சுதந்திர மனிதர். ஆனாலும் தெற்குப் படை வந்தபோது வீட்டை விட்டுக் குடும்பத்தோடு ஓடவேண்டி வந்தது. அந்தப் படை கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி இந்த வீட்டைத் தாண்டிப் போய்விடாமல் நிறுத்திக் காட்டியதற்காகவே அவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். லிங்கன் உரையில் அடிமை என்ற சொல்லே இல்லையே என்று மகள் கேட்டாள். தெற்கு மாநில அடிமைகளுக்கு விடுதலை அறிவித்து அந்த ஆண்டு ஜனவரி 1-ல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தை வழிகாட்டி நினைவுபடுத்திவிட்டு, “சுதந்திரத்தின் புதிய பிறப்பு” என்ற வரியை அவளையே சொல்லச் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்துக்குள் கார் போகாது. எங்கள் இரண்டு மணி நேரமும் முடிந்திருந்தது. வாசல்வரை வந்து வழி சொல்லிவிட்டு அவர் விடைபெற்றார். நான்கு மணி நேரம் கேட்டிருக்கலாமே என்று எனக்கு இன்னும் வருத்தம். நாங்களே நடந்து போனோம். 3,500-க்கும் மேற்பட்ட வடக்கு வீரர்கள் அரைவட்ட வரிசைகளில் கிடக்கிறார்கள். 979 பேருக்குப் பெயர் தெரியாது. சின்னச் சதுரக் கல்லில் எண் மட்டும். 1863 நவம்பர் 19 அன்று இந்தக் கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவில் சிறப்புரை, அந்நாளின் புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட். இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கனைச் ‘சில வார்த்தைகள்’ பேசத்தான் அழைத்திருந்தார்கள். அவர் பேசியது சுமார் 270 சொற்கள், இரண்டே நிமிடம். அப்போது உடல்களை மாற்றிப் புதைக்கும் வேலைகூட முடியவில்லை.

மகள் அங்கேயே நின்று முழு உரையையும் சொன்னாள். நான் அப்பாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ‘இங்கே’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. “இங்கே நாம் பேசுவதை உலகம் நெடுநாள் நினைவில் வைக்காது, இவர்கள் இங்கே செய்ததை மறக்கவே முடியாது.” அந்த எண் கற்களுக்கு நடுவே நிற்கும்போதுதான் அந்த ‘இங்கே’ எனக்குப் புரிந்தது. நாம் படித்த வரி தனி வாக்கியமே அல்ல, ஒரு நீண்ட வாக்கியத்தின் வால். இவர்கள் வீணாகச் சாகவில்லை என்று ஆக்குவோம், மக்களாட்சி பூமியிலிருந்து அழிந்துபோகாமல் காப்போம் என்று புதைகுழிகளுக்கு முன் எடுத்த உறுதிமொழி அது. அப்பா, “வால மட்டும் வெட்டிக் கொடுத்துட்டாங்களேம்மா” என்றார். அப்புறம் ஒவ்வொரு வரிசையாக நடந்து, எண் கற்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

போகிறவர்களுக்கு: அக்டோபர் வார இறுதி என்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போக ஒரு மணி நேரமாவது தனியாக ஒதுக்குங்கள். பார்வையாளர் மையத்தில் இருக்கும், மூன்றாம் நாள் சண்டையைக் காட்டும் 377 அடி நீள வட்ட ஓவியத்தை வழிகாட்டியோடு சுற்றிவிட்டு வந்த பிறகு பாருங்கள். அதில் இருக்கும் வேலியும் மரக்கூட்டமும் எதுவென்று அப்போது தெரியும். பெரியவர்கள் வந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை சாதம் கைகொடுத்தது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 19 அன்று அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நினைவு விழா நடக்கிறது. அப்பா ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டை அதற்குப் பிந்தைய வாரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.