பிரேமார் கேதரிங்: காரைக்குடியிலிருந்து சென்று பார்த்த அனுபவம்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுச் சிற்றூரான பிரேமாரில், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாத முதல் சனிக்கிழமையன்று நடைபெறும் ‘பிரேமார் கேதரிங்’ என்னும் விளையாட்டுத் திருவிழாவை, எழுபது வயதைக் கடந்த என் அப்பச்சியுடன் சென்று பார்த்து வந்தேன். பிள்ளைகளைப் பார்க்கப் பிரிட்டனுக்குச் செல்லும் பெரியவர்கள் எங்கள் செட்டிநாட்டு ஊர்களில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்; லண்டனோடு திரும்பிவிடாமல் இந்த விழாவுக்கும் நேரம் ஒதுக்கலாமா என்று அவர்கள் கேட்டால், காலை முதல் மாலை வரை ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள் என்றே சொல்வேன்.

1848ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணி வந்தது முதல் அரச குடும்பத்துக்கும் இவ்விழாவுக்கும் தொடர்பு உண்டு. அவர்களது பால்மோரல் மாளிகையும் அருகில்தான் இருக்கிறது. ஆனால் அவர்களைக் காண்பதற்கென்று மட்டும் பிற்பகலில் வந்து சேர்பவர்கள், விழாவின் சாரத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சாரம் ‘கேபர்’ எறிதலில் இருக்கிறது. ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளமுள்ள, நம் வீட்டுத் தூண் போன்ற முழு மரத்தை, மெலிந்த முனை கீழே இருக்குமாறு சிலர் நிமிர்த்திக் கொடுக்க, வீரர் குனிந்து இரு கைகளையும் கோத்து அதன் அடியைப் பற்றித் தூக்கி, தோளில் சாய்த்தபடி தள்ளாடி நின்று, பின் சில அடிகள் ஓடி மேல்நோக்கி உந்துகிறார். மேலே இருந்த தடித்த முனை தரையில் குத்த, மரம் தலைகீழாகப் புரண்டு அவருக்கு நேர் எதிரே விழ வேண்டும். எவ்வளவு தூரம் சென்றது என்பது கணக்கில்லை. கடிகாரத்தில் பன்னிரண்டு மணி இருக்கும் திசையில் நேராக விழுந்ததா என்பதையே நடுவர் பார்க்கிறார். முதலில் முயன்ற இருவருக்கும் மரம் புரளாமல் பக்கவாட்டில் சரிந்தது. மூன்றாமவர் எறிந்த மரம் செங்குத்தாக ஒரு கணம் நின்று, மெல்ல அப்பால் சாய்ந்தபோது, “நம்ம ஊரு இளவட்டக்கல் மாதிரியேதான்யா இது” என்று சொல்லி அப்பச்சி எழுந்து நின்றுவிட்டார். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குத் தவறாமல் சென்றவர் அவர். வெறும் உடல் வலிமைக்கும் பழகிய கைக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியும்.

குறுக்காக வைத்த இரு வாள்களுக்கிடையே பாதம் படாமல் ஆடும் வாள் நடனமும், ‘பேக்பைப்’ என்னும் துருத்திக் குழலை வாசிக்கும் பல பைப் இசைக்குழுக்கள் ஒன்றாக அணிவகுத்து மைதானத்தைச் சுற்றி வருவதும் மனத்தில் நிற்பவை. குறை ஒன்று உண்டு. பல போட்டிகள் ஒரே நேரத்தில் நடப்பதால், கயிறு இழுத்தலைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு மூலையில் தனியாகப் பைப் வாசிப்பவரின் இசையை இழக்க நேர்கிறது.

எங்களுக்குப் பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்த முகவர், கூரையுள்ள அரங்கில் இடம் என்று பணம் வாங்கிக்கொண்டு, திறந்தவெளி இருக்கைக்கான சீட்டையே தந்திருந்தார். நண்பகலில் மழை பெய்தபோது முதியவரை வைத்துக்கொண்டு தவித்தேன். ஆகவே, இருக்கையின் வகையைச் சீட்டில் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். குடை பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் மழைக்கோட்டு எடுத்துச் செல்வது நல்லது. அபர்டீன் நகரிலிருந்து டீ ஆற்றை ஒட்டிச் செல்லும் பேருந்திலேயே பிரேமாருக்கு வந்துவிடலாம்.

சாப்பாட்டில் ‘ஹாகிஸ்’ என்பதைத் தயங்காமல் உண்ணலாம். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸ், வெங்காயம், மிளகு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைப்பது அது. குடல் குழம்பும் ஈரல் வறுவலும் உண்டு வளர்ந்த நமக்கு அந்நியமாகத் தோன்றாது, காரம்தான் போதாது. குளிர்காலத்தில் செல்பவர்கள், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாளான ஜனவரி 25 அன்று, அவர் ஹாகிஸைப் பாடிய பாட்டைச் சொல்லிவிட்டு அதைக் கத்தியால் கீறிப் பரிமாறும் விருந்தில் இதைச் சாப்பிடலாம்.