மாடலா, ரெண்டரா: எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே காலை வாரும்

முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மாடி வீடு. கணினியில் உருவாக்கும் படமான ரெண்டரில் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். கேமரா தெருவில், கண் உயரமான 1.6 மீட்டரில் நிற்கிறது. ஓரத்தில் ஒரு வேப்பமரம், கீழே வெயில். வீட்டுக்காரர் உடனே தலையாட்டிவிடுவார். கட்டி முடித்தபின் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்தான் மற்றதெல்லாம் தெரியும்: துருத்திக்கொண்டு நிற்கும் படிக்கட்டு ஹெட்ரூம், அதன் தலையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, பக்கச்சுவரில் இறங்கும் நான்கு பைப். இதை யாரும் மறைக்கவில்லை. கேமராவை அந்தப் பக்கம் யாரும் திருப்பவில்லை, அவ்வளவுதான். அட்டை மாடலை மேசையில் வைத்தால் முதலில் கண்ணில் படுவதே மொட்டை மாடிதான். ரெண்டரில் கோணத்தைச் செய்தவர் முடிவு செய்கிறார், மாடலில் பார்ப்பவர்.

அதனால் வடிவம் முடிவாகாத கட்டத்தில் மலிவான மாடலே போதும், அதுவே நல்லது. 1:200 அளவில் மனையையும் அக்கம்பக்க வீடுகளையும் ஒரு பலகையில் நிலையாக ஒட்டிவிட்டு, நம் மனையை மட்டும் குழியாக விடுங்கள். குழியில் உட்காரும் அடித்தட்டுகளில் மூன்று நான்கு வடிவங்களைச் செய்து மாற்றி மாற்றி வைக்கலாம். அடித்தட்டு குழியைவிட 1 மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி ஈரத்தில் அட்டை ஊதி வெளியே வராது. அடியில் ஒரு ரிப்பனைப் போட்டு நுனியை வெளியே விட்டால் தூக்க வசதி. எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கட்டும். ஒரு சுவருக்கு நிறம் கொடுத்தால் பேச்சு முழுக்க நிறத்தைப் பற்றியே போய்விடும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற சரிவு மனைகளில் மாடல் இல்லாமல் வேலையே ஆரம்பிக்கக் கூடாது. 1:200-ல் 5 மி.மீ. சன்போர்டு (பிவிசி நுரைப் பலகை) ஒரு தட்டு என்றால் சரியாக 1 மீட்டர் காண்டூர், அதாவது 1 மீட்டர் உயர வித்தியாசம். தட்டுகளை முழுசாக அடுக்காமல் உள்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால் எடையும் செலவும் குறையும்.

வெட்டும்போது எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு, அட்டையின் கனத்தை மறப்பது. வெளியளவு 100 மி.மீ. சதுரப் பெட்டி, அட்டை 3 மி.மீ. என்றால் இரண்டு சுவர் 100, மற்ற இரண்டு 94. நான்கையும் 100-ஆக வெட்டினால் மேல்கூரை உட்காராது. அளவுக்கேற்ற கனமும் முக்கியம். 230 மி.மீ. செங்கல் சுவர் 1:50-ல் 4.6 மி.மீ., அதற்கு 5 மி.மீ. சன்போர்டு பொருந்தும். 1:100-ல் 2.3 மி.மீ., அதற்கு 2 மி.மீ. மவுண்ட் போர்டு என்ற கெட்டி அட்டை. ஸ்டீல் ஸ்கேலை வைத்து மூன்று முறை லேசாக இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் விளிம்பு சரிந்துவிடும். பெரிய மவுண்ட் போர்டின் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் தடவினால் காயும்போது அப்பளம் மாதிரி வளையும். தெர்மாகோலில் ரப்பர் பசையைத் தடவினால் அது தெர்மாகோலையே தின்றுவிடும். அக்ரிலிக்கில் ஃபெவிக்விக் போட்டால் ஒட்டும், ஆனால் சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்துவிடும்.

லேசர் கட்டிங் கடையில் சன்போர்டைக் கொடுக்கவே கூடாது. அது பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சுக்கும் ஆகாது, இயந்திரமும் அரித்துப்போகும். எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய பலகை), அக்ரிலிக், மவுண்ட் போர்டு தாராளமாகக் கொடுக்கலாம். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுத்தால் புகைக்கறை டேப்போடு போய்விடும். 3டி பிரிண்டிலும் ஒரு வரம்பு உண்டு: 0.4 மி.மீ. நாசிலில் (பிளாஸ்டிக் வெளிவரும் துளை) 0.8 மி.மீ.க்குக் கீழே சுவரை நம்ப முடியாது. 50 மி.மீ. கைப்பிடிக் கம்பி 1:100-ல் அரை மி.மீ.தான். அதற்கு மெல்லிய எஃகுக் கம்பியை வெட்டி ஒட்டுவதே வழி.

ரெண்டர் வெல்லும் இடம் பொருளும் வெளிச்சமும். ஆத்தங்குடி டைல்ஸா, கோட்டா கல்லா என்ற கேள்விக்கு அட்டையில் பதில் கிடைக்காது. ஆனால் வெளிச்சம் சரியாக இருக்க இடத்தைக் குறித்திருக்க வேண்டும். ஸ்கெச்சப் என்ற 3டி மென்பொருளின் வழக்கமான டெம்ப்ளேட், இடம் குறிக்காவிட்டால் அமெரிக்காவின் போல்டர் நகரத்து வெயிலைத்தான் போடும். அது சுமார் 40 டிகிரி வடக்கு, சென்னை 13. ஜூன் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் உச்சிக்கு 10 டிகிரி வடக்கே இருக்கும், போல்டரில் 17 டிகிரி தெற்கே. முற்றத்தில் வெயில் விழும் பக்கமே மாறிவிடும். அதை நம்பி சன்ஷேடு போட்ட சுவர் தப்பான சுவராக இருக்கும். வடதிசை அம்பையும் சரிபாருங்கள். சர்வே வரைபடத்தை நேராக்கத் திருப்பியவர்கள் பலர் அதைத் திரும்பச் சரிசெய்வதில்லை.

அடுத்தது லென்ஸ். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையை 18 மி.மீ. லென்ஸில் எடுத்தால் கல்யாண மண்டபம் போல விரியும். குடியேறிய அன்று சண்டை நிச்சயம். 28 மி.மீ. வைத்து, பின்சுவரை கிளிப்பிங்கில் (படத்தில் மட்டும் மறைக்கும் வசதி) வெட்டிவிட்டு கேமராவைப் பின்னால் நகர்த்தலாம். ஏ3 தாளில் 300 டிபிஐ அச்சுக்கு 4961 × 3508 பிக்சல் தேவை. சோதனையை அதில் ஓட்டாமல் கால் பங்கு அளவில் ஓட்டினால் பதினாறில் ஒரு பங்கு பிக்சல்தான். பெயின்டை மட்டும் எந்த ரெண்டரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஷேடு கார்டை வாங்கி, சுவரில் ஒரு சதுர அடி அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பணத்துக்குக் குறைந்த பயன் தருவது விளக்கு எரியும் அக்ரிலிக் பெட்டி மாடல். ஃபிளாட் விற்பனை அலுவலகத்துக்கு அது சரி. வடிவமைப்புக்கு அல்ல, ஏனென்றால் அது வரும்போது முடிவெல்லாம் எடுத்தாகிவிட்டிருக்கும், வெட்டி மாற்ற யாருக்கும் மனசு வராது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்கு கிறிஸ்டோபர் ரென் 1673-74ல் ஓக் மரத்தில் 1:25 அளவில் ஒரு மாடல் செய்வித்தார், நீளமே 6 மீட்டருக்கு மேல். அந்த வடிவம் ஏற்கப்படவில்லை, கட்டியது வேறு. மாடல் மட்டும் இன்றும் அங்கே இருக்கிறது.

ஆயுள் என்று பார்த்தால் இரண்டுமே மோசம்தான். மாடலைத் தூசியும் வெள்ளிப்பூச்சியும் தின்னும். ரெண்டர் கோப்பை மூன்று வருடம் கழித்துத் திறந்தால் டெக்ஸ்சர் (சுவர், தரைக்கு ஒட்டும் மேற்பரப்புப் படம்) எதுவும் கிடைக்காமல் சுவரெல்லாம் சாம்பலாக நிற்கும். வேலை முடிந்த அன்றே டெக்ஸ்சர்களையும் அதே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள், எந்தப் பதிப்பில் செய்தது என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். மாடலின் அடிப்பலகை அளவை முடிவு செய்யுமுன் காரின் பின்கதவை அளந்துகொள்ளுங்கள். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்ததென்றால் சித்திரை வெயிலில் பூட்டிய காரில் வைக்காதீர்கள், 60 டிகிரியிலேயே இளகிவிடும். சாப்பிட்டு வருவதற்குள் பால்கனி எல்லாம் தொங்கிப்போயிருக்கும்.